காட்டுவழியில் ஒரு பட்டறை

வெள்ளிக்கிழமை மாலையில் நமது செபராங் ஜெயாவின் நெடுஞ்சாலைச் சந்திப்பருகே சற்று நின்று பார்த்தால், பினாங்குப் பாலத்திலிருந்து வரும் கார்களுக்கும் பட்டர்வொர்த் துறைமுகத்துக்குப் போகும் லோரிகளுக்கும் நடுவே, வேறு வகையான சில வண்டிகளும் கண்ணில் படும். உயர்ந்த அடிச்சட்டம், பல்வரி ஆழமாக வெட்டிய பெரிய சக்கரங்கள், முகப்பில் இரும்புக் கயிறு சுற்றிய வின்ச், கூரையில் மண்வெட்டியும் கோடரியும். கெடாவின் மலையடிவாரத்தையோ, பேராக்கில் கிரீக்கைத் தாண்டிய காட்டையோ நோக்கிப் போகிறவை இவை. இரண்டு மூன்று நாள் சேற்றிலும் ஆற்றிலும் உழன்றுவிட்டு ஞாயிறு இரவில் திரும்பி வரும்.

இவ்வண்டிகளில் ஏதேனும் ஒன்றின் பின்கதவைத் திறந்தால், அரிசி மூட்டைக்கும் கூடாரத்துக்கும் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். தடித்த செம்புக் கம்பிகள் இரண்டு, ஒரு பிடி, ஒரு கவ்வி, கறுப்புக் கண்ணாடி பதித்த முகமூடி, கசடு தட்டும் சுத்தியல், ஈரம் புகாத குழாயில் அடைத்த வெல்டிங் கம்பிகள். ஒரு பட்டறையே அந்தப் பெட்டிக்குள் அடங்கியிருக்கிறது. அது அங்கே வந்து சேர இருநூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் காணப்போகிறோம்.

முதலில், காட்டுக்குப் போகிறவர்கள் இதை ஏன் சுமக்க வேண்டும் என்று பார்ப்போம். தார்ச் சாலையில் ஓடும் வண்டிக்கு நான்கு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்கும். காட்டுவழியில் ஒரு சக்கரம் பாறை மீதும், இன்னொன்று பள்ளத்திலும் இருக்கும். வண்டியின் எடை முழுவதும் ஒரு மூலையில் விழும். அடிச்சட்டம் ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுகும். அப்போது ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் கொக்கி பிய்ந்துபோகலாம். ஸ்டீயரிங் பெட்டி பொருந்திய இடத்தில் சட்டம் கீறிப் பிளக்கலாம். முன் சக்கரங்களைத் திருப்பும் தண்டு வளைந்து ஒடியலாம். போல்ட் ஒடிந்தால் மாற்றுப் போல்ட் போடலாம். சக்கரம் கிழிந்தால் உபரிச் சக்கரம் உண்டு. அடிச்சட்டத்துக்கு உபரி கிடையாது. அங்கே உடைந்ததை அங்கேயே ஒட்டவேண்டும். இல்லையேல் வண்டியை விட்டுவிட்டு நடக்கவேண்டும். மழை பிடித்துக்கொண்டு ஆறு பெருகிவிட்டால் அந்த நடை உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். செபராங் பிறைக்குப் பழைய பெயர் புரோவின்ஸ் வெல்லெஸ்லி. 1800-இல் கெடாவிடமிருந்து ஆங்கிலேயர் பெற்ற நிலம் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே கரும்புத் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் பலர் முதலில் கால் வைத்த தோட்டங்கள் அவையே. கரும்பை ஏற்றிச் சென்றவை மாட்டு வண்டிகள். வண்டியின் இருசு முறிந்தாலும், சக்கரத்தின் இரும்புப் பட்டை கழன்றாலும், கொல்லரைத் தேடித்தான் போகவேண்டும். உலை, துருத்தி, பட்டடைக்கல் ஆகிய மூன்றையும் தூக்கிக்கொண்டு அவர் வரமுடியாது. எனவே உடைந்த பொருள்தான் உலைக்குப் போனது.

கொல்லரும் இரும்போடு இரும்பைப் பற்றவைக்கத் தெரிந்தவரே. இரு துண்டுகளையும் வெண்மை கண்டு பொறி பறக்கும் வரை காய்ச்சி, ஒன்றன்மேல் ஒன்றை வைத்துச் சம்மட்டியால் அடித்தால் அவை ஒன்றாகிவிடும். ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக நிற்கும் தில்லி இரும்புத் தூண், இவ்வாறு இரும்புக் கட்டிகளைச் சேர்த்தடித்து உருவாக்கப்பட்டதுதான். ஆனால் இம்முறையில் இரும்பு உருகுவதில்லை. இளகி ஒட்டுகிறது, அவ்வளவே. பொருள் முழுவதையும் கழற்றி உலைக்குள் வைத்தாக வேண்டும். வண்டியில் பொருத்தியபடியே ஓர் அங்குலப் பிளவை மட்டும் ஒட்ட இதனால் முடியாது. அதற்கு விரல் நுனி அளவில் குவிந்து, இரும்பையே உருக்கக்கூடிய நெருப்பு வேண்டும். இரும்பு உருகுவது 1,538 டிகிரி செல்சியஸில். துருத்தி ஊதும் கரியுலையில் அந்த வெப்பத்தை ஒரு புள்ளியில் குவிக்க வழியில்லை.

அத்தகைய நெருப்பு இரண்டு வகையில் கிடைத்தது. இரண்டின் தோற்றமும் டேவி என்னும் ஒரே குடும்பத்தோடு தொடர்புடையது என்பது வியப்புக்குரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஹம்பிரி டேவி, மின்கல அடுக்கு ஒன்றிலிருந்து இரண்டு கரிமுனைகளுக்கு மின்சாரம் பாய்ச்சி, அவற்றிடையே கண்ணைப் பறிக்கும் ஒளி வில்லாக வளைந்து நிற்பதைக் காட்டினார். அதுவே மின்வில். அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் எட்மண்ட் டேவி 1836-இல் புதியதொரு வாயுவைக் கண்டார். அது அசிட்டிலீன். நாம் இன்று கரண்ட் வெல்டிங், கேஸ் வெல்டிங் என்று சொல்கிற இரண்டுக்கும் வித்து இவ்விருவர் இட்டதே.

வாயுவின் கதையை முதலில் முடித்துக்கொள்வோம். 1862-இல் ஜெர்மானிய அறிஞர் வோலர், கால்சியம் கார்பைடு என்ற பொருளில் தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் எழுவதைக் கண்டறிந்தார். ஆனால் அந்தக் கார்பைடை மலிவாகச் செய்யும் வழி தெரியவில்லை. 1892-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் வில்சன், மோர்ஹெட் என்னும் இருவர் மின் உலையில் சுண்ணாம்பையும் கரிப்பொருளையும் சேர்த்து உருக்கினார்கள். அவர்கள் தேடியது அலுமினியத்தை மலிவாகச் செய்யும் வழி. கிடைத்ததோ கார்பைடு. அதன்பின் அது டன் கணக்கில் உற்பத்தியாயிற்று.

கார்பைடு நமக்கு அந்நியமான பொருளன்று. ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன்னே பால்மரம் வெட்டப் போனவர்களின் நெற்றியில் எரிந்தது கார்பைடு விளக்குதான். அடிப்பாகத்தில் கார்பைடுக் கல், மேலே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், முனையில் வெள்ளைச் சுடர். பிரட்டுக் களத்தில் அந்த வாடையை முகர்ந்து வளர்ந்த முதியோர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அதே வாயுவோடு சம அளவு பிராணவாயுவைக் கலந்து எரித்தால் சுடர் 3,000 டிகிரியைத் தாண்டும் என்று 1895-இல் பிரெஞ்சு அறிஞர் லெ ஷாத்தலியே எடுத்துக்காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பூஷே, பிக்கார் என்னும் இருவர் அதற்கேற்ற ஊதுகுழலைச் செய்தனர். அதே காலத்தில் லிண்டே காற்றைக் குளிரவைத்துத் திரவமாக்கிப் பிராணவாயுவைப் பிரித்தெடுத்தார். விரல் நுனி அளவு நெருப்பு கைக்கு வந்துவிட்டது.

ஆனால் அதைச் சுமப்பது எப்படி? அசிட்டிலீனை வெறும் உருளையில் அழுத்தி அடைத்தால் தானாகவே வெடித்துவிடும். 1890-களின் இறுதியில் குளோட், ஹெஸ் என்னும் பிரெஞ்சுக்காரர்கள் அதை அசிட்டோன் என்ற திரவத்தில் கரைத்து அடைக்கும் முறையைக் கண்டனர். உருளைக்குள் கடற்பஞ்சுபோல் நுண்துளைகள் கொண்ட பொருளை நிரப்பி, அதில் அசிட்டோனை ஊறவைத்து, அந்த அசிட்டோனில் வாயுவைக் கரைப்பது அம்முறை. இன்றுவரை அசிட்டிலீன் உருளை அப்படித்தான் இருக்கிறது. அதனால்தான் அதை நிமிர்த்தியே வைக்கவேண்டும் என்கிறார்கள். படுக்கவைத்துத் திறந்தால் வாயுவோடு அசிட்டோனும் வழிந்து வரும்.

காட்டுவழியில் போகும் வண்டி எந்நேரமும் சாய்ந்தும் குலுங்கியும்தான் போகும். பிராணவாயு உருளையோ இன்னொரு தலைவலி. பட்டறையில் வைக்கும் பெரிய உருளை ஒன்றே அறுபது கிலோவுக்கு மேல் கனக்கும். அதன் வாயில் எண்ணெய்ப் பசை பட்டுவிட்டால், அழுத்தமான பிராணவாயுவில் அந்தப் பசையே தீப்பற்றும். மோட்டார் வண்டியில் எண்ணெய் படாத கை ஏது? சிறிய உருளைகள் வந்தபோதும் வாயு சீக்கிரம் தீர்ந்துவிடும். காட்டில் நிரப்ப ஆளில்லை. ஆகவே பட்டறையின் தலைசிறந்த நெருப்பு, பயணத்துக்கு அவ்வளவாக ஒத்துவரவில்லை.

இப்போது மின்வில்லின் கதை. 1881-இல் பிரான்சில் தெ மெரித்தான் என்பவர் மின்வில்லின் சூட்டினால் ஈயத் தகடுகளை ஒட்டினார். அவை எதற்கான தகடுகள் தெரியுமா? பேட்டரிக்கான தகடுகள்! அதே ஆண்டுகளில் உருசிய நாட்டைச் சேர்ந்த பெனார்தோஸ் கரிமுனையால் இரும்பையே ஒட்டும் முறையை வகுத்து, 1885-ஐ ஒட்டி உரிமம் பெற்றார். அவர் மின்சாரம் எடுத்ததும் பேட்டரி அடுக்கிலிருந்துதான். இன்று காட்டுக்குள் ஒருவர் தமது வண்டியின் பேட்டரியைக் கழற்றி அதிலிருந்து மின்வில் எழுப்பும்போது, புதுமை எதையும் செய்யவில்லை. இக்கலை பிறந்த இடத்துக்கே திரும்புகிறார்.

1888-இல் ஸ்லாவ்யானோவ், கரிமுனைக்குப் பதிலாக உலோகக் கம்பியையே முனையாக்கினார். கம்பி உருகி, தானே பிளவை நிரப்பிற்று. ஆனால் உருகிய இரும்பைக் காற்று கெடுத்தது. ஒட்டில் துளைகள் விழுந்தன. 1904-இல் சுவீடனில் ஈசாப் நிறுவனத்தைத் தொடங்கிய ஆஸ்கார் செல்பெர்க், கம்பியின் மேல் கனிமப் பூச்சுப் பூசி அந்தக் குறையைப் போக்கினார். பூச்சு எரிந்து புகையாகவும் கசடாகவும் மூடி, உருகிய உலோகத்தைக் காற்றிடமிருந்து காத்தது. வெல்டிங் முடிந்ததும் சுத்தியலால் தட்டி எடுக்கிறோமே, அந்தக் கசடு இந்தப் பூச்சின் மிச்சம்தான். வாயு உருளைகள் இரண்டும் செய்த வேலையை ஒரு முழ நீளக் குச்சி இப்போது செய்தது. சுமக்கும் கலைக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

ஆயினும் மின்வில்லை மக்கள் உடனே நம்பிவிடவில்லை. தறையாணி அடித்துச் சேர்த்த கப்பலையும் பாலத்தையும் பார்த்துப் பழகிய கண்களுக்கு, உருக்கி ஒட்டியது பலவீனமாகவே தோன்றிற்று. அந்த எண்ணத்தை மாற்றியது 1917. முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது, அதன் துறைமுகங்களில் தங்கியிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஜெர்மானியக் கப்பல்களைக் கைப்பற்றியது. ஒப்படைக்குமுன் ஜெர்மானிய மாலுமிகள் பல கப்பல்களின் எந்திரங்களை உடைத்துவிட்டனர். புதிய வார்ப்புகள் செய்து மாற்றுவதென்றால் நெடுங்காலம் ஆகும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அமெரிக்கர்களோ பற்றவைப்புக் கருவிகளைக் கப்பலுக்குள் கொண்டுபோய், உடைந்த வார்ப்புகளை இருந்த இடத்திலேயே ஒட்டினார்கள். சில மாதங்களில் அக்கப்பல்கள் படைவீரரை ஏற்றிக்கொண்டு கடலில் சென்றன. உடைந்ததை உலைக்குக் கொண்டுபோன காலம் போய், உலை உடைந்ததைத் தேடிப் போகும் காலம் வந்தது.

இரண்டாம் உலகப் போர் வண்டிகளைச் சாலைக்கு வெளியே இழுத்துவந்தது. 1941 முதல் ஜீப் வண்டிகள் ஆயிரக்கணக்கில் உருவாயின. அஸ்ஸாமின் லேடோவிலிருந்து பர்மாக் காட்டை ஊடுருவி வெட்டிய பாதை வழியாக, 1945 பிப்ரவரியில் முதல் வண்டித் தொடர் சீனத்தின் குன்மிங்கை அடைந்தது. அத்தகைய பாதைகளில் வண்டி உடைவது அன்றாட நிகழ்ச்சி. பிரிட்டிஷ் இராணுவம் 1942-இல் மின் மற்றும் இயந்திரப் பொறியாளர் படையைத் தனியாக அமைத்தது. இந்திய இராணுவத்திலும் 1943-இல் அவ்வாறே ஒரு படை அமைந்தது. போர்முனைக்குப் பின்னாலேயே பட்டறை லோரிகள் சென்றன. ஆனால் அவை லோரிகளே. ஜீப் போகும் சந்துக்கெல்லாம் அவை போக முடியாது.

போர் முடிந்ததும், 1948-இல் லேண்ட் ரோவர் வந்தது. உருக்குத் தட்டுப்பாட்டினால் அதன் மேற்கூடு பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. அடிச்சட்டமோ உருக்குப் பட்டைகளைப் பெட்டி வடிவில் பற்றவைத்துச் செய்தது. பற்றவைப்பில் பிறந்த வண்டி பிளந்தால், பற்றவைப்பே அதற்கு மருந்து. அந்த வண்டி உழவர்களை எண்ணிச் செய்யப்பட்டது. எனவே எஞ்சினின் சுழற்சியை வெளியே எடுத்து வேறு இயந்திரங்களை ஓட்டவும் வழி வைத்திருந்தனர். அந்தச் சுழற்சியைக் கொண்டு வெல்டிங் மின்னாக்கியை ஓட்டும் வகை ஒன்றும் தொடக்கக் காலத்திலேயே செய்யப்பட்டது. ஜீப் போகும் சந்துக்குள் இப்போது வெல்டிங்கும் போயிற்று.

அதே 1948-இல்தான் மலாயாவில் அவசரகாலம் தொடங்கியது. 1960 வரை நீடித்த அந்த ஆண்டுகளில், தோட்டப் பாதைகளிலும் காட்டோரச் சாலைகளிலும் லேண்ட் ரோவர் பழகிய காட்சியாயிற்று. போருக்குப் பின் எஞ்சிய இராணுவ லோரிகள் சில, மரம் வெட்டும் முகாம்களில் வேறு பிறவி எடுத்தன. 'சான் தை வோங்', அதாவது மலையரசன், என்று சீனர்கள் பெயரிட்ட அந்த லோரிகளை மலேசியக் காடுகளில் அறியாதவர் இல்லை. கதவும் கூரையும் இல்லாமல், வெட்டியும் ஒட்டியும் வலுவூட்டிய சட்டத்தோடு, பெருமரங்களைச் சுமந்து அவை மலை இறங்கின. அவற்றை வாழவைத்தவர்கள் காட்டு முகாம்களின் பெயர் தெரியாத பட்டறைக்காரர்கள். இந்நாட்டில் காட்டுவழிப் பற்றவைப்பின் முதல் பள்ளிக்கூடம் இதுவென்றால் மிகையாகாது.

பிழைப்புக்காகச் செய்ததை மனிதன் விளையாட்டாகவும் செய்வான். 1982-இல் கிரீக்கையும் கிளந்தானின் ஜெலியையும் இணைத்துக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. 1985-இல் பினாங்குப் பாலம் திறந்தது. 1970-களில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் புதுநகராக வளர்த்த செபராங் ஜெயா, இவ்வழிகளுக்கெல்லாம் வாயிலாக அமைந்தது. தீவில் வேலை முடித்தவர் மறுநாள் விடியலில் காட்டோரம் நிற்கலாம் என்றாகிவிட்டது. 1993-இல் கேமல் டிராபி என்னும் உலக வண்டிப் பயணம் சபாவில் நடந்தது. அப்போது வந்த குழுவினர் மாலியாவ் பள்ளத்தாக்கில் ஆய்வாளர்களுக்காக ஒரு தங்குமிடமும் கட்டித் தந்தனர். 1997-இல் லூயிஸ் வீ என்பவர் மலேசியாவில் 'ரெயின்பாரஸ்ட் சேலஞ்ச்' என்ற மழைக்காட்டுப் போட்டியைத் தொடங்கினார். வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஆண்டிறுதியைத் தேர்ந்தெடுத்தே அது நடத்தப்பட்டு வந்தது. 2014-இல் அதன் இந்தியப் பதிப்பு கோவாவில் நடந்தது. இத்தகைய பயணங்களில் உதவி வண்டி எப்போதும் பின்னால் வராது. ஓட்டுநரும் துணைவருமே கொல்லரும் ஆகவேண்டும்.

அவர்கள் சுமக்கும் கருவிகளை மூன்றாகப் பிரிக்கலாம். எளியது பேட்டரி முறை. வீட்டுச் சுவரில் 240 வோல்ட் மின்சாரம் வந்தாலும், மின்வில் எரிவதற்கு வேண்டியது இருபது முப்பது வோல்ட்தான். பட்டறையிலுள்ள வெல்டிங் பெட்டி செய்கிற வேலை, வோல்ட்டைக் குறைத்து ஆம்பியரைக் கூட்டுவதே. கார் பேட்டரியோ இயல்பிலேயே குறைந்த வோல்ட்டில் பெருமளவு மின்சாரம் தரவல்லது. 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட். மூன்றை இணைத்தால் 36. இரண்டரை மில்லிமீட்டர் கம்பி ஒன்றுக்கு ஏறத்தாழ 60 முதல் 90 ஆம்பியர் வேண்டும். நல்ல பேட்டரிகள் அதைக் கொடுக்கும். மூன்று வண்டிகள் சேர்ந்து போனால் மூன்று பேட்டரிகள் கூடவே வருகின்றன. கூடுதலாகச் சுமக்க வேண்டியது கம்பியும் பிடியும் முகமூடியும் மட்டுமே.

இரண்டாவது, எஞ்சினோடு பொருத்திய மின்னாக்கியிலிருந்தே வெல்டிங் மின்சாரம் எடுப்பது. லேண்ட் ரோவரில் கண்ட பழைய எண்ணத்தின் புதிய வடிவம் இது. மூன்றாவது, இன்வெர்ட்டர் பெட்டி. 1977-இல் பின்லாந்தின் கெம்பி நிறுவனம் இவ்வகை வெல்டிங் இயந்திரத்தை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மின்சாரத்தின் அலைவுகளை நொடிக்கு ஆயிரக்கணக்கில் பெருக்கினால் உள்ளேயிருக்கும் இரும்புக் கருவும் செம்புச் சுருளும் மிகச் சிறிதாகிவிடும்; ஆள் பிடித்துத் தூக்கிய பெட்டி, ஒரு கையில் தொங்கும் பெட்டியாயிற்று. ஆனால் அதற்கு மின்சாரம் ஊட்ட ஒரு ஜெனரேட்டரையும் அதற்குப் பெட்ரோலையும் சுமக்கவேண்டும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சுமை குறையக் குறைய, பொறுப்பு கூடிவிடுகிறது. பட்டறையில் மேற்பார்வையாளர் உண்டு, தீயணைப்பான் உண்டு, உலர்ந்த தரை உண்டு. காட்டில் நாமே எல்லாம். பேட்டரி மின்சாரம் தரும்போதும் ஏற்கும்போதும் ஹைட்ரஜன் வாயுவை விடக்கூடும். ஒரு பொறி பட்டால் அமிலத்தோடு வெடிக்கும். ஆகவே பேட்டரிகளை வண்டியிலிருந்து கழற்றி, வேலை நடக்கும் இடத்துக்கு எட்டவைத்து, மேலே கனத்த துணி போர்த்தவேண்டும். கழற்றாமல் ஒட்டினால் இன்றைய வண்டிகளின் மின்னணுப் பெட்டிகள் கருகிப்போகலாம். எர்த் கவ்வியை ஒட்டும் இடத்துக்கு மிக அருகில் பிடிக்கவேண்டும். தூரத்தில் பிடித்தால் மின்சாரம் பேரிங்குகள் வழியே பாய்ந்து அவற்றைக் கெடுக்கும். எண்ணெய்த் தொட்டி காலியாயிருக்கிறது என்று நம்பி அதனருகே தீப்பொறி விடக்கூடாது. நிறைந்த தொட்டியைவிட, ஆவி நிரம்பிய காலித் தொட்டியே கொடியது. நாகம் பூசிய குழாயை ஒட்டும்போது எழும் வெண்புகையைச் சுவாசித்தால் இரவில் குளிர்க்காய்ச்சல் காணும். முகமூடி இல்லாமல் ஒரு நிமிடம் மின்வில்லைப் பார்த்தவர், மணல் விழுந்த கண்ணோடு விடியும் வரை துடிப்பார்.

நம் நாட்டுக்கே உரிய எதிரி ஒன்றும் உண்டு. அது ஈரம். உயர்தரமான சில வெல்டிங் கம்பிகளின் பூச்சு காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். அந்த ஈரத்திலிருந்து பிரியும் ஹைட்ரஜன் சூடான உருக்குக்குள் புகுந்து, ஆறியபின் மயிரிழைக் கீறல்களை உண்டாக்கும். ஒட்டும்போது ஒன்றும் தெரியாது. மறுநாள் ஏற்றத்தில்தான் தெரியும். வறண்ட பாலைவனத்தில் இது பெரிய கவலையில்லை. நமது மழைக்காட்டில் கம்பியை அடைக்கும் குழாய், கம்பியைப் போலவே முக்கியம்.

எல்லாம் சரியாகச் செய்தாலும், ஒட்டினது ஒட்டியதுதானா? வரலாறு இங்கும் ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில், ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல், அசையாத நீரில் நின்றபடியே இரண்டாகப் பிளந்தது. முழுவதும் பற்றவைத்துக் கட்டிய கப்பல் அது. ஒட்டில் குறை இருந்தது. அதைவிட, குளிரில் நொறுங்கும் தன்மை அந்த உருக்கிலேயே இருந்தது என்று பின்னர் தெளிவாயிற்று. தறையாணி அடித்த தகடுகளில் ஒரு தகட்டில் விழுந்த கீறல் அதன் விளிம்போடு நிற்கும். ஒட்டிய கப்பலில் எல்லாம் ஒரே தகடு. கீறல் ஓடிக்கொண்டே போயிற்று. எந்த உருக்கை ஒட்டுகிறோம் என்று அறியாமல் ஒட்டுவது ஆபத்து என்பதை அன்று உலகம் கற்றுக்கொண்டது.

காட்டு வண்டிக்கும் இது பொருந்தும். அடிச்சட்டம் மென்மையான உருக்கு, ஒட்டை ஏற்கும். ஸ்பிரிங் பட்டையோ பதமிட்டுக் கடினமாக்கிய உருக்கு. அதை ஒட்டினால், ஒட்டிய இடத்துக்கு அருகே பதம் கெட்டு, கண்ணாடிபோல் முறியும். அதை ஒட்டாமல், மரக்கட்டை வைத்துக் கயிற்றால் கட்டி மெல்ல ஓட்டி வருவதே அறிவுடைமை. ஸ்டீயரிங் தண்டு ஒடிந்தால், முறிவின் மேல் இரும்புக் குழாயை உறையாக மாட்டி இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு காட்டைவிட்டு வெளியேறலாம். ஆனால் அந்தத் தண்டோடு நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வருவது, தன் உயிரையும் எதிரே வரும் குடும்பத்தின் உயிரையும் பணயம் வைப்பதாகும். காட்டில் போட்ட ஒட்டு, வீடு சேர்க்கும் ஒட்டு. அதற்குமேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளியில், பாரத மிகுமின் நிறுவனத்தைச் சார்ந்து 1975-இல் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. அங்கே செய்யும் கொதிகலன்களின் ஒட்டுகளைக் கதிர்ப்படம் எடுத்துச் சோதிப்பார்கள். உள்ளே ஒரு சிறு துளை தெரிந்தாலும் கணக்குக் கேட்பார்கள். காட்டில் அந்தக் கருவிகள் இல்லை. சோதிக்க இருப்பவை ஒரு கண்ணும் ஒரு சுத்தியலும்தான். எனவே புறப்படுமுன்பே, உதவாத இரும்புத் துண்டுகளில் பலமுறை ஒட்டிப் பார்த்து, உடைத்துப் பார்த்து, கையைப் பழக்கிக்கொள்ள வேண்டும். பேட்டரியில் ஒட்டுவது எப்படியிருக்கும் என்பதை மழையில், இரவில், ஆற்றங்கரையில் முதல்முறையாகக் கற்றுக்கொள்ளக் கூடாது.

இரும்பு இப்பகுதிக்குப் புதிதன்று. 1967-இல் பிறையில் உற்பத்தியைத் தொடங்கிய மலாயாவாத்தா உருக்காலை, நாட்டின் முதல் ஒருங்கிணைந்த உருக்காலை. அதன் ஊதுலையில் எரிந்தது ரப்பர் மரத்துக் கரி. நம் பெற்றோர் பால் வெட்டிய மரங்கள் முதிர்ந்து சாய்ந்தபின், கரியாகி இரும்பை உருக்கின. அந்த ஆலை பின்னாளில் கைமாறியது. ஆனால் பிறையிலும் செபராங் ஜெயாவைச் சுற்றிலும் இரும்பு வேலை நிற்கவில்லை. உலையில் சேர்த்தடித்த கொல்லரின் கைத்திறன், வெல்டிங் பிடியைப் பற்றிய கைகளில் தொடர்கிறது.

திங்கட்கிழமை காலையில் காட்டிலிருந்து திரும்பிய வண்டி ஒன்று அத்தகைய பட்டறைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அனுபவமுள்ள பட்டறைக்காரர் முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து, காட்டில் போட்ட ஒட்டைப் பார்ப்பார். மேடும் பள்ளமுமாய், புழு ஊர்ந்ததுபோல் இருக்கும். அவர் சிரிக்கமாட்டார், எந்த நிலையில் அது போடப்பட்டது என்று அவருக்குத் தெரியும். பிறகு சாணைச் சக்கரத்தை எடுத்து, அந்த ஒட்டை முழுவதும் அரைத்து நீக்கிவிட்டு, கீறல் எங்கே முடிகிறதோ அதன் நுனியில் துளையிட்டு, மேலே தகடு வைத்து, புதிதாக ஒட்டத் தொடங்குவார். அந்தக் கரடுமுரடான ஒட்டு தன் வேலையை முடித்துவிட்டது. வண்டியும் அதில் போனவர்களும் வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள்.